பூஜ்யத்துக்குக் கைதட்டல்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

இன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் இடுப்புவலி, வாண்டுவின் இருமல் எல்லாம் அதற்குப் பிறகு விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். “அந்தப் பூஜ்யத்தை என்னால் நம்ப முடியவில்லை” என்று சொல்லவில்லை.

கைதட்டியது அத்தானுக்கு. எங்கள் பிரிவுத் தலைவர் எதைப் பேசினாலும் சதவீதத்தில்தான் பேசுவார். அதனால் அவருக்குச் சதவீதம் என்றே பெயர் வைத்துவிட்டோம். அவர் எங்கள் சலவை ஆலைகள் அத்தனையின் கணக்கையும் திரையில் போட்டார். போன வருடம் நான் எழுதிய பாதுகாப்புப் பயிற்சியை எல்லா ஆலையிலும் நடத்தினோமே, அதற்குப் பிறகு எங்கெங்கே விபத்து எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு. உங்கள் ஊர் ஆலைக்கு நேரே பூஜ்யம். கடந்த மூன்று மாதத்தில் ஒரு விபத்துச் சீட்டுகூட வரவில்லை. “ஷிப்ட் சூப்பர்வைசரே நின்று சொல்லிக்கொடுத்த ஆலை இது ஒன்றுதான். அவரை இங்கே கூட்டிவந்து எல்லா ஆலைக்கும் தலைமைப் பயிற்றுநராகப் போட்டால் என்ன?” என்று அத்தானைத்தான் சொன்னார் சதவீதம். ஜூன் இருபதாம் தேதி கூட்டத்தில் முடிவு செய்வார்கள்.

நீ குதிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. நீ கல்யாணமாகிப் போன பிறகு நாம் ஒரே ஊரில் இருந்ததே இல்லை. எனக்கும் குதிக்க ஆசைதான்.

ஆனால் யோசித்துப் பார். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் இரண்டு பெண்கள் பிடித்துச் சூடான இஸ்திரி ரோலருக்குள் விடுகிறார்கள். ரோலரின் வாயில் சுருக்கம் விழுந்தால் கை தானாக நீளும், நீவிவிட. சிவப்புக் கயிற்றை இழுத்து ரோலரை நிறுத்து, அப்புறம் நீவு என்பதுதான் என் பயிற்சியின் சாரம். சூடு பட்டாலோ, பட இருந்து தப்பினாலோ ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும். முன்பு உங்கள் ஆலையிலிருந்து மாதாமாதம் ஒரு கத்தைச் சீட்டு வரும். பயிற்சி நன்றாக ஏறியிருந்தால் சீட்டு முதலில் கூடவேண்டும், ஏனென்றால் கவனிக்கப் பழகியவர்கள் அதிகம் கவனிப்பார்கள். பிறகு மெல்ல இறங்கும். உங்கள் ஊரில் அது மாடியிலிருந்து போட்ட கல் மாதிரி விழுந்திருக்கிறது.

அத்தானிடம் சும்மா ஒரு வார்த்தை கேட்டுப் பார். உங்கள் வீட்டில் போன் வந்தபாடில்லை, ஆலை ஆபீஸ் போனில் பேசுகிற விஷயமும் இல்லை இது. இடுப்புக்குத் தைலம் தேய்க்கிறாயா? வாண்டுவுக்கு ஒரு கிள்ளு. அத்தானுக்கு வணக்கம்.

உன் தங்கை

*

பிப்ரவரி 20

புத்தகப்புழுவுக்கு அக்கா எழுதுறது,

இடுப்பு இருக்கு, வலியும் இருக்கு, ரெண்டும் சண்டை இல்லாம ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணுது. வாண்டுக்கு இருமல் போயிடுச்சு. நீ கண்ணாடியை மாத்தினியா இல்லையா? மாத்தாம தலைவலின்னு எழுதினே, நேர்ல வந்து உதைப்பேன். இப்பத்தான் வரப்போறேனே!

உன் கடிதத்தைப் படிச்சுட்டு அடுப்பை அணைக்க மறந்துட்டேன். உடனே வீடு பாக்க ஆரம்பி. உன் ரூமுக்குப் பக்கத்துலேயே வேணாம், உன் புஸ்தகமெல்லாம் வழிஞ்சு எங்க வீட்டுக்குள்ள வந்துடும். ரெண்டு தெரு தள்ளிப் பாரு. ஜன்னல் பெருசா இருக்கணும்.

நீ கேட்டதை அவர்கிட்ட கேட்டேன். சிரிச்சார். “உன் தங்கச்சி நல்லா சொல்லிக்கொடுத்தா, இவங்க நல்லா கத்துக்கிட்டாங்க. பாஸானவனைப் பாத்து ஏண்டா பாஸானேன்னு கேக்கற ஒரே டீச்சர் அவதான்” அப்படின்னார்.

எனக்கும் அதுல சந்தேகப்பட ஒண்ணும் தெரியலை. ஆலை கேட்டுல ஒரு பெரிய பலகை வெச்சிருக்காங்க, பாத்திருக்க மாட்டே. ‘விபத்தில்லாத நாள்’னு எழுதி, கீழே எண் தொங்கும். வாட்ச்மேன் காலைல வந்ததும் முதல் வேலையா எண்ணை மாத்துவார். குறிச்ச எண் வந்துச்சுன்னா மொத்த ஆலைக்கும் அரைநாள் லீவு. அந்த எண்ணை அவங்க குழந்தையை வளக்கற மாதிரி வளக்கறாங்க. போன வருஷம் ரோலர்ல துணி விடற பொண்ணு ஒருத்தி சூடு பட்டுச் சீட்டு எழுதிட்டா. எண் திரும்ப ஒண்ணுலேருந்து. இன்னைக்கும் அவளுக்குப் பேரு ‘பலகை உடைச்சவ’. கேன்டீன்ல அவ தட்டு வெச்சா பக்கத்துல இருக்கறவங்க தட்டை நகத்தி வெச்சுச் சிரிக்கறாங்களாம். விளையாட்டுக்குத்தான்.

மீதியை அவர் கிறுக்குவார். இடம் விட்டிருக்கேன்.

அக்கா

டீச்சரம்மா, நான் நலம். நீங்க சந்தேகப்பட்டே மெலிஞ்சு போறீங்கன்னு கேள்வி. சாப்பிடுங்க. நேர்ல வந்து பரீட்சை எழுதறேன். — அத்தான்

*

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

கண்ணாடியை மாற்றிவிட்டேன். உதை மிச்சம். இங்கே வெயில் ஏறிவிட்டது, அதைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தானின் இரண்டு வரிகளைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி என்னைப் பார்த்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தாள்.

அந்தப் பலகை என் பயிற்சியில் கிடையாது. யார் வைத்தது? எப்போது? பலகை வந்த பிறகா சீட்டு நின்றது? ‘பலகை உடைச்சவ’ என்று நீ சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னிடம் இதைச் சொல்லலாம். போன வாரம் எங்கள் ஊர் ஆலைக்குப் போய் நின்றேன். பயிற்சி ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பரீட்சை வைத்தால் போதாது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதிவிடுவார்கள், கை பழையபடிதான் நீளும். அதனால் பக்கத்தில் நின்று கையைப் பார்க்க வேண்டும். நான் நின்றவரை அத்தனை பேரும் ஒழுங்காகக் கயிற்றை இழுத்தார்கள், நிறுத்தினார்கள், நீவினார்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். துணி வண்டிகள் நிற்கிற இடத்தில், மடித்த விரிப்புகளுக்குப் பின்னால் நின்று திரும்பிப் பார்த்தேன். முதல் சுருக்கத்துக்கே ஒரு கை நீண்டது, கயிறு ஆடவே இல்லை. அன்றிலிருந்து யார் எனக்கு எதைக் காட்டினாலும், நான் போன பிறகு என்ன செய்வார்கள் என்றுதான் யோசிக்கிறேன். இது நல்ல பழக்கம் இல்லை, தெரியும்.

அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாய் அல்லவா? ஷிப்ட் விடுகிற நேரத்தில் கொஞ்சம் நின்று, வெளியே வருகிற பெண்களின் கைகளைப் பார். அவ்வளவுதான் கேட்கிறேன். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம்.

வாண்டு எழுத்து எழுதுகிறாளா? ஒரு கிறுக்கலாவது அனுப்பச் சொல்.

உன் தங்கை

*

மார்ச் 26

தங்கச்சிக்கு,

நாங்க சுகம். நீயும் சுகமா இருக்கணும். பதில் எழுத நாளாயிடுச்சு, வேலை இருந்துச்சு. பொய். வேலை எப்பவும்தான் இருக்கு. உன் கடிதத்தைப் படிச்சதுலேருந்து மனசு சரியில்லை.

ஒண்ணு கேக்கறேன். நீ தங்கச்சியா கேக்கறியா, ஆபீசா கேக்கறியா? ஆபீசா கேட்டா ஆபீஸ் காகிதத்துல எழுது, அவருக்கு எழுது. என்னை எதுக்கு கேட்டுல நிக்க வெக்கறே? டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணுங்க கையைப் பாத்துக்கிட்டு நின்னேன், திருடி மாதிரி இருந்துச்சு. வாட்ச்மேன் “என்னம்மா, வளையல் தொலைச்சுட்டீங்களா?”ன்னு கேட்டார்.

பாத்துட்டேன், போதுமா? ரோலர்ல வேலை செய்யற பொண்ணுங்க எல்லாரும் வெள்ளைக் கையுறை போட்டிருக்காங்க. வெளியே வந்து பஸ் ஏறற வரைக்கும்கூட சிலபேர் கழட்டலை. அவ்வளவு ஜாக்கிரதையா இருக்காங்க. இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?

வாண்டு எழுதினது இதோட இருக்கு. அது பூனையாம்.

அக்கா

பலகை மேனேஜர் ஐடியா, டீச்சரம்மா. போன செப்டம்பர்ல வெச்சது. எனக்கும் அதுல அவ்வளவு இஷ்டம் இல்லை, ஆனா எல்லாரும் ஒத்துமையா இருக்காங்க. அக்காவைக் கோவிக்க வெக்காதீங்க, அப்புறம் எனக்கு உப்பு கூடும். — அத்தான்

*

ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

பூனை அழகு. மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். உன் கோபம் நியாயம்தான், மன்னித்துவிடு. உன்னை அங்கே நிற்கவைத்தது தப்பு. ஆனால் நீ பார்த்ததை இனி நான் பார்க்காதது போல இருக்க முடியவில்லை.

அக்கா, ரோலர் பக்கத்தில் கையுறை போடவே கூடாது. என் பயிற்சியின் முதல் நாள், முதல் பாடம் அது. துணியைப் பிடிக்கிற ரோலர் கையுறையையும் பிடிக்கும், கையுறையோடு கையும் போகும். இதை அத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவர். அவர் கண் எதிரே அத்தனை பேரும் கையுறை போட்டு வேலை செய்ய மாட்டார்கள். அப்படியானால் வேலை முடிந்த பிறகுதான் போட்டுக்கொள்கிறார்கள். வெயில் காலத்தில், வீட்டுக்குப் போகும்போது, பஸ் வரைக்கும். எதற்கு? கேட்டில் மேனேஜர் நிற்பாரா?

என்னை உங்கள் ஆலைக்கு அனுப்பும்படி சதவீதத்திடம் கேட்டேன். “சொந்தக்காரர் இருக்கிற ஆலைக்கு நீங்க மதிப்பீட்டுக்குப் போறது நூறு சதவீதம் தப்பு” என்றார். வேறு ஒருவர் மே முதல் வாரம் வருவார். வருகிற தேதியை முன்கூட்டியே உங்கள் மேனேஜருக்கு எழுதிவிட்டார்கள். எழுதினால் என்ன நடக்கும் என்று நான் சொன்னேன். “அதெல்லாம் நடைமுறை” என்றார்.

அத்தானிடம் கையுறையைப் பற்றிக் கேள். என்னைத் திட்டிக்கொண்டேயாவது கேள்.

இடுப்பு எப்படி இருக்கிறது?

உன் தங்கை

*

மே 8

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் அனைவரும் நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, தப்பா நினைக்காதே. இங்கே தண்ணீர்க் குழாய் உடைஞ்சு தெருவே சேறு. மாடிவீட்டுக்காரி புதுசா தையல் மெஷின் வாங்கியிருக்கா, நாள் முழுக்க டகடகன்னு சத்தம். ஜன்னலுக்குப் போட நீலத்துல பூப்போட்ட துணி பாத்து வெச்சிருக்கேன், அங்கே வந்து தெச்சுக்கலாம்னு.

வாண்டு நல்லா சமத்தா ஆயிட்டா. முன்னெல்லாம் அப்பா ஊட்டினாத்தான் சாப்பிடுவா. இப்ப எல்லாம் தலைகீழ், அவதான் அப்பாவுக்கு ஊட்டறா. பெரிய மனுஷி மாதிரி ‘ஆ காட்டு, ஆ காட்டு’ன்னு. பாத்தா சிரிப்பா இருக்கும்.

அவருக்குக் கொஞ்சம் காய்ச்சல். லீவு போட்டிருக்கார். அதனால கீழே எழுதலை.

ஜூன் இருபதாம் தேதி தள்ளிப்போகாதே? முடிவானதும் ஒரு வரி எழுது. வேற ஒண்ணும் வேண்டாம்.

அக்கா

*

மே 15

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீ எனக்கு ‘நாங்கள் அனைவரும் நலம்’ என்று எழுதியதே இல்லை. கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழாய் இருக்கிறது, தையல் மெஷின் இருக்கிறது.

மதிப்பீட்டுக்குப் போனவர் திரும்பிவிட்டார். அறிக்கை அருமையாக இருக்கிறது. எல்லோரும் கயிற்றை இழுக்கிறார்களாம், தரையில் ஈரம்கூட இல்லையாம். சூப்பர்வைசர் மட்டும் காய்ச்சலில் விடுப்பாம். ஏப்ரல் கடைசியிலிருந்து விடுப்பு என்று அதில் இருக்கிறது. இவ்வளவு நாள் நீடிக்கிற காய்ச்சலுக்குக் கொஞ்சம் காய்ச்சல் என்று பெயர் இல்லை, அக்கா.

காய்ச்சலில் படுத்தவர் தானே சாப்பிடுவார். அலுத்துக்கொண்டாவது சாப்பிடுவார். இரண்டு வரி கிறுக்குவார். உனக்குப் பிரசவ வலி எடுத்த நாளில்கூட அவர் எனக்கு எழுதின கடிதத்தின் கீழே ‘டீச்சரம்மா, பதற்றத்தில் பேனாவைக் காணோம், இது மருத்துவமனைப் பென்சில்’ என்று எழுதியவர்.

எந்தக் கை?

இதை ஆபீஸ் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

உன் தங்கை

*

மே 30

தங்கச்சிக்கு,

வலது கை.

உனக்குத் தெரிஞ்சுடும்னு எனக்குத் தெரியும். எழுதாம இருக்கவும் முடியலை, எழுதவும் முடியலை, அதான் குழாயும் மெஷினும் எழுதினேன். வாண்டு ஊட்டறதை ஏன் எழுதினேன்னு தெரியலை. கை தானா எழுதிடுச்சு.

ஏப்ரல் கடைசியில புதுசா நாலு பொண்ணுங்க வேலைக்குச் சேந்தாங்க. ரோலரை நிறுத்தி, ஆறவிட்டு, அப்புறம்தான் காட்டணும்னு உன் பாடத்துல இருக்காம். நிறுத்தினா அன்னைக்குத் துணி தேங்கிடும்னு மேனேஜர் விடலை. “ஓடறதுலயே காட்டிடு”ன்னுட்டார். இவரும் ஓடறதுலயே காட்டியிருக்கார். “பாருங்க, இப்படி நீட்டக்கூடாது”ன்னு சொல்லி நீட்டிக் காட்டியிருக்கார். நீட்டக்கூடாதுன்னு சொல்லிக்கொடுக்க நீட்டின மனுஷன் உலகத்துலயே இவர் ஒருத்தர்தான் இருப்பார். கயித்தை இழுத்தது யார் தெரியுமா? பலகை உடைச்சவதான். அவ இழுக்கலேன்னா முழங்கை வரைக்கும் போயிருக்குமாம். நாலு விரலும் வெந்துபோச்சு. ரெண்டு இனிமே மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

துணி வண்டியில படுக்கவெச்சுப் பின்கேட் வழியா கொண்டுபோனாங்க. தள்ளியிருக்கற டாக்டர்கிட்ட. அடுப்புல பட்டதுன்னு சொன்னோம். ஒருத்தரும் சீட்டு எழுதலை. மேனேஜர் சொல்லித்தான்னு நீ நினைப்பே. இல்லை. அந்தப் பொண்ணுங்களே எழுதலை. “அண்ணன் ஹெட் ஆபீஸ் போகட்டும்”னு சொல்லி அவங்களே வாயை மூடிக்கிட்டாங்க. அவங்க கையில இருக்கற சூட்டுத் தழும்பை மூடற மாதிரி.

ஆமா, கையுறை அதுக்குத்தான். ஏப்ரல்லயே அவர்கிட்ட கேட்டேன். “கேக்காதே”ன்னார். நான் கேக்கலை.

இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. போன வாரம் உங்க ஆபீஸ்லேருந்து ஒருத்தர் பழக்கூடையோட வீடு தேடி வந்தார். வாய் திறந்தா சதவீதம், உன் ஆள்தான். இவர் போர்வைக்குள்ள கையை வெச்சுக்கிட்டு அரைமணி நேரம் பேசினார். வேர்த்துக் கொட்டுது, போர்வையை எடுக்க முடியலை. “காய்ச்சல் இன்னும் இறங்கலையா?”ன்னு வந்தவர் இவர் நெத்தியைத் தொட்டுப் பாக்கறார்! எனக்கு உயிரே போயிடுச்சு. அவரை நீ அனுப்பினியா? என் கடிதத்தைக் காட்டினியா? மறைக்காம எழுது.

அனுப்பலேன்னா, இன்னும் மூணு வாரம்தான். வாயைத் திறக்காதே. உத்தரவு வரட்டும், நாங்க அங்கே வந்து சேந்துடறோம். பாடம் நடத்த வாய் போதும், விரல் எதுக்கு? அப்புறம் நீயும் அவரும் சேந்து எதை வேணும்னாலும் மாத்துங்க.

அக்கா

*

ஜூன் 6

அன்புள்ள அக்கா,

நான் அனுப்பவில்லை. உன் கடிதம் எதையும் யாரும் பார்க்கவில்லை. நீ இதை நம்பவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. பிப்ரவரியிலிருந்து நான் உன் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டுத்தானே படித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஆபீஸ் கழிப்பறைக்குப் போய் அழுதேன். அத்தானின் கையை நினைத்தால் இந்தப் பேனாவைப் பிடிக்கவே கூச்சமாக இருக்கிறது. இரவு எரிச்சல் இருக்கிறதா? கட்டுப் பிரித்தாயிற்றா? ஆபீஸுக்குப் பயந்து நல்ல டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதே.

சதவீதம் திரும்பி வந்ததும் என் மேஜைக்கு வந்தார். “உங்க அத்தான் நல்லா பேசறார். கைதான் கொடுக்கவே இல்லை” என்றார். கொஞ்சம் நின்று, “காய்ச்சல்காரங்க கை கொடுக்காம இருக்கறதும் நல்லதுதான்” என்று சிரித்தார். தெரிந்து சிரித்தாரா, சும்மா சிரித்தாரா? மறுநாள், இருபதாம் தேதிக் கூட்டத்துக்கான அறிக்கையை என் முன்னால் வைத்துக் கையெழுத்துக் கேட்டார். படித்துவிட்டுப் போடுகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன். தெரிந்துதான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் போட்டுவிட்டால் பிறகு அவருக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை.

அந்த அறிக்கையில் இருப்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இருபதாம் தேதி இரண்டு முடிவுகள் எடுக்கிறார்கள். ஒன்று அத்தானுக்கு. மற்றது எல்லா ஆலை வாசலிலும் அந்தப் பலகை. எண்ணைக் காப்பாற்றுகிற ஆலைக்குப் பரிசு. எல்லா ஊரிலும் பெண்கள் பஸ் ஏறும்வரை கையுறை போட்டுக்கொண்டு போவார்கள். ஓடுகிற ரோலரில் பாடம் நடக்கும், யார் கயிற்றை இழுத்தார்கள், யார் இழுக்கவில்லை என்று நமக்குத் தெரியவே தெரியாது.

வேதனை என்னவென்றால் பயிற்சி ஏறியிருக்கிறது. அந்தப் பெண் சரியான நேரத்தில் கயிற்றை இழுத்திருக்கிறாள். கேன்டீனில் தட்டை நகர்த்தினார்களே, அவள். அவளுடைய சீட்டு ஒன்றுதான் பயிற்சி வேலை செய்தது என்பதற்குச் சான்று. நான் அதைத் தோல்வி என்று கணக்கில் சேர்க்கும்படி அளவை வகுத்தேன். குறையவேண்டும் என்று ஒரு எண்ணைக் கேட்டேன். குறைப்பதற்கு எது சுலபமோ அதைச் செய்தார்கள்.

நான் கூட்டத்தில் பேச நினைக்கிறேன். அத்தான் பெயரை எடுக்க மாட்டேன். ஆனால் ஊகித்துவிடுவார்கள். முடிந்தால் அவரே முன்னால் சொல்லிவிடட்டும். சொன்னவர் என்ற மரியாதையாவது இருக்கும். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. உன் சம்மதம் வேண்டும், அக்கா. அது இல்லாமல் எனக்குப் பேசத் தைரியம் வராது.

உன் தங்கை

*

ஜூன் 15

தங்கச்சிக்கு,

கட்டுப் பிரிச்சாச்சு. புண் காஞ்சிட்டுது. வாண்டு பயந்துக்கிட்டு ஒருநாள் முழுக்கப் பக்கத்துல போகலை, இப்ப பழகிட்டா. உன் உடம்பைப் பாத்துக்கோ.

உன் கடிதத்தை அவர்கிட்ட காட்டலை. காட்டினா அவர் உடனே போய்ச் சொல்லிடுவார், அவர் அப்படிப்பட்டவர்தான். ஒவ்வொரு நாளும் சொல்லிடறேன் சொல்லிடறேன்னுதான் இருக்கார். நான்தான் பிடிச்சு வெச்சிருக்கேன்.

நீ நியாயம் எழுதியிருக்கே. எனக்குப் புரியாம இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. பேசறதுன்னா பேசு. அது உன் வேலை. என்கிட்ட சம்மதம் கேக்காதே. எங்களைத் தடுக்கிவிடப் போற காலை நானே எடுத்து வெச்சுக் கொடுக்கணுமா? நாளைக்கு ‘அக்காவும் சரின்னாதானே சொன்னேன்’னு நீ நிம்மதியாத் தூங்கணுமா? அது மட்டும் என்கிட்டேருந்து கிடைக்காது.

எனக்கு அங்கே வரணும். வேற ஒண்ணும் எழுதத் தோணலை.

அக்கா

*

ஜூன் 21

அன்புள்ள அக்கா,

நீ முதலில் இந்த வரியைத் தேடுவாய் என்று தெரியும், அதனால் முதலிலேயே எழுதுகிறேன். பேசிவிட்டேன்.

அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் பொது மேலாளர் முன்னால் வைத்தேன். “இந்த அளவை வகுத்தது நான். இது தப்பு. இது விபத்தை அளக்கவில்லை, வாயை அளக்கிறது” என்றேன். சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது. பலகையைப் பற்றிச் சொன்னேன். ரோலர் பெண்கள் கையுறை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவதைச் சொன்னேன்.

“யார் பார்த்தது?” என்று கேட்டார் பொது மேலாளர்.

“நம்பத் தகுந்தவர்” என்றேன்.

“பேர் இல்லாம நான் எப்படி நம்பறது? போன மாசம் போனவர் எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு எழுதியிருக்காரே.”

சதவீதம் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார், “உங்க அத்தானுக்கு என்ன காய்ச்சல்?”

பெயர் சொல்லக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு போயிருந்தேன். பொய் சொல்லக்கூடாது என்று தீர்மானிக்கவில்லை. ஏதாவது ஒரு காய்ச்சலின் பெயரைச் சொல்லியிருக்கலாம், நாக்கு நுனியில் இரண்டு இருந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொது மேலாளர் பேனாவை மூடினார். அவ்வளவுதான், அக்கா. நான் வாயைத் திறந்து சொன்னதை யாரும் நம்பவில்லை; சொல்லாததை உடனே நம்பிவிட்டார்கள்.

உங்கள் ஆலைக்கு இரண்டு பேர் நாளை புறப்படுகிறார்கள். சொல்லாமல் வருவார்கள். இந்தக் கடிதம் அவர்களுக்குப் பிறகுதான் உன் கைக்கு வரும். அத்தானை நல்ல டாக்டரிடம் அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறேன், ஆபீஸ் செலவில். அவர்களிடம் அவர் எதையும் மறைக்க வேண்டாம்.

மன்னிப்புக் கேட்டு எழுதிய ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அதைப் படித்தால் நீ எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். நீ சொல்ல வேண்டாம்.

இடுப்பைக் கவனித்துக்கொள்.

உன் தங்கை

*

செப்டம்பர் 12

தங்கைக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதங்கள் மூன்றும் வந்தன. பதில் போடவில்லை.

தலைமைப் பயிற்றுநர் வேலைக்கு வேறு ஊர்க்காரர் ஒருவரைப் போட்டுவிட்டதாக ஆலையில் சொன்னார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். இவரைத் துணி எண்ணி அனுப்புகிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். மேனேஜர் அப்படியே இருக்கிறார். பெரிய மருத்துவமனையில் பார்த்ததில் ஒரு விரல் கொஞ்சம் மடங்குகிறது. பலகையைக் கழற்றிவிட்டார்கள். பெண்கள் சீட்டு எழுதுகிறார்களாம், நிறைய.

வாண்டுவை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம்.

அக்கா